கட்டடத்துக்குக் கீழே

மார்ச் 9, ஞாயிறு. கோவில்பட்டி

எம்.ஈ.க்கு ஸ்ட்ரக்சுரலா, சாயிலா? இன்னும் முடிவாகவில்லை. வகுப்பில் நன்றாகப் படிப்பவர்கள் எல்லாரும் ஸ்ட்ரக்சுரல் பக்கம். டிசைன் ஆபீஸ் வேலை, வெயில் இல்லை, ஈடாப்ஸ் மென்பொருள் தெரிந்தால் எங்கேயும் பிழைக்கலாம். எனக்கும் ஆர்.சி.சி. டிசைன் பிடிக்கும். பெண்டிங் மொமென்ட் படத்தைப் பார்த்ததும் பீமில் கம்பி எங்கே மேலே, எங்கே கீழே என்று புரிந்துவிடுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

மார்ச் 12, புதன்

சித்தப்பா வீட்டுச் சுவரில் பழைய விரிசல் மறுபடி திறந்திருக்கிறது. ஜன்னல் மூலையில் தொடங்கி, செங்கல் இணைப்பு வழியே படிப்படியாக இறங்குகிறது. மழைக்காலத்தில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அப்போது பின்கதவு இறுகும். கொத்தனார் சிமெண்டைக் குறை சொல்லிப் பூசிவிட்டுப் போகிறார். சுவரில் ஒரு குறையும் இல்லை. அடியில் கரிசல். அதிலுள்ள மான்ட்மொரிலொனைட் களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டின் பாரம் அந்த உப்பலை அமுக்கப் போதாது. இதற்காகத்தான் அண்டர்ரீம்டு பைல்: ஈரம் மாறாத ஆழம் வரை, குறைந்தது 3.5 மீட்டர் இறக்கி, அடியில் தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலத்தில் குமிழ் வைப்பார்கள். மேல்மண் இழுத்தாலும் குமிழ் பிடித்துக்கொள்ளும். சித்தப்பா கட்டும்போது இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை என்பதில்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

மார்ச் 20, வியாழன்

புறவழிச்சாலைப் பக்கம் மண் பரிசோதனை. அனுமதி கேட்டுப் போய் நின்றேன். 63.5 கிலோ சுத்தியல், 75 செ.மீ. உயரத்திலிருந்து விழுகிறது. முதல் 15 செ.மீ. கணக்கில்லை. அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்பதுதான் ‘N’ மதிப்பு. ரிக் அண்ணன் குழாயைப் பிளந்து காட்டினார்: மேலே கறுப்புக் களி, கீழே வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள். “எழுதிக்கோங்க தம்பி, அடுத்த குழியில இதே மாதிரி வராது” என்றார்.

எம் 25 கான்கிரீட் வேண்டுமென்றால் கலவை சொல்லி வாங்கலாம், 28 நாளில் கியூப் உடைத்துப் பார்க்கலாம். மண்ணை அப்படி வாங்க முடியாது; இருப்பதைப் படித்துத்தான் கட்ட வேண்டும். இந்தப் படிப்புதான் எனக்கு வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

கிண்டி பொறியியல் கல்லூரியில் சாயில் மெக்கானிக்ஸ்தான் என் முதல் விருப்பம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சித்தப்பாவிடம் இப்போதைக்குப் பூச வேண்டாம் என்றேன். முதலில் மொட்டைமாடித் தண்ணீர் சுவரடியில் விழாமல் குழாய் போட்டு விலக்க வேண்டும். வீட்டைச் சுற்றி அகலமாகத் தளம் போட வேண்டும். சுவரை ஒட்டி நிற்கும் வேம்பைப் பற்றித்தான் சித்தியிடம் இன்னும் பேசவில்லை.