காகிதம் போன பின்னர்

லண்டனிலே மோட்டார் ஓட்டக் கற்பிப்பது என் பிழைப்பு. முதற் பாடத்துக்கு வருபவர் எவராயினும், சாவியைக் கொடுக்குமுன் அவருடைய அனுமதிப்பத்திரத்தைப் பார்த்துவிட வேண்டும். அனுமதியற்ற ஒருவரை ஓட்டவிட்டால், ஓட்டியவர் மட்டுமன்றி ஓட்டவிட்ட ஆசிரியனும் சட்டத்தின் முன் குற்றவாளியாவான். காப்புறுதிக் கம்பெனியோ கையை விரித்துவிடும்.

1998ஆம் ஆண்டு படம் பதித்த அட்டை வந்தபோது அதனோடு ஒரு காகிதமும் வந்தது. அட்டை ஆளைக் காட்டும். ஆளின் வரலாறு காகிதத்தில் இருக்கும். வேகமாக ஓட்டியதற்கு மூன்று புள்ளி, சிவப்பு விளக்கைக் கடந்ததற்கு மூன்று புள்ளி என்று குற்றப் புள்ளிகள் யாவும் அதிலேதான் பதியப்படும். 2015 யூன் 8ஆந் திகதியுடன் அக்காகிதம் செல்லாததாயிற்று. 1921 முதல் கார்க் கண்ணாடிகளில் விளங்கிய வரிச்சீட்டு அதற்கு முந்திய ஆண்டு ஒக்டோபரிலேயே போய்விட்டது. இன்று என் காரின் முன்கண்ணாடியில் ஆசிரியருக்குரிய பச்சை எண்கோணச் சீட்டுத் தனியே இருக்கின்றது.

இப்போது விவரங்களெல்லாம் வேல்ஸ் நாட்டுச் சுவான்சி நகரிலுள்ள பதிவகத்தின் கணினியில். மாணாக்கர் தம் அனுமதிப்பத்திர எண், தேசிய காப்புறுதி எண், தபாற் குறியீடு ஆகியவற்றைக் கொடுத்து, இணையத்தில் ஒரு சங்கேதக் குறியீட்டைப் பெற்று என்னிடம் தரவேண்டும். 21 நாள்வரை அது செல்லும். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இஃது இமைப்பொழுது வேலை. பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோவதற்காக ஐம்பத்தைந்து வயதில் ஓட்டக் கற்கவந்த யாழ்ப்பாணத்து அம்மையாருக்கோ முதற் பாடத்தில் அரை மணி நேரம் இதிலேயே கழிந்தது. "தம்பி, அட்டையில என்ரை படம் இருக்குத்தானே, இன்னும் என்ன வேணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

எனினும் காகிதத்துக்காக நான் கண்ணீர் வடிக்கவில்லை. நேற்று நீதிமன்றம் ஒருவருக்குத் தடை விதித்திருந்தாலும், அவர் வீட்டு மேசையிற் கிடக்கும் காகிதம் அதை அறியாது. கணினி அறியும். பார்க்கும் நேரத்து உண்மையை அது சொல்கிறது.

மாறியது வேறொன்று. இங்கே 1997 முதல் ஒரு சட்டம் உண்டு: பரீட்சையில் தேறி இரண்டாண்டுக்குள் ஆறு புள்ளி பெற்றவருடைய அனுமதி இரத்தாகும். அவர் மீண்டும் கற்போருக்கான அனுமதி பெற்று, இரு பரீட்சைகளிலும் தேறவேண்டும். அத்தகையோர் எங்களிடமே வருவர். முன்பு காகிதத்தை நீட்டுவார்கள். நான் வாசித்து, மடித்துத் திருப்பிக் கொடுப்பேன். பேச்சில்லை, வெட்கமுமில்லை. இப்போது அட்டையில் ஒன்றும் தெரியாது. குறியீட்டைத் தா என்று வாய்திறந்து கேட்கவேண்டும். கேட்பதே ஐயுறவாய் ஒலிக்கிறது.

சென்ற ஆண்டு ஓர் இளைஞன் வந்தான். இருக்கையைச் சரிசெய்து பட்டியை மாட்டிய விதத்திலேயே அவன் புதியவனல்லன் என்பது தெரிந்தது. குறியீட்டைக் கேட்டேன். சற்றுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கைத்தொலைபேசியில் தானே பக்கத்தைத் திறந்து என் கையில் தந்து, "அண்ணை, அம்மாவுக்குத் தெரியாது" என்றான். ஆறு புள்ளிகள். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கண்ணாடியைச் சரிபார்க்கச் சொன்னேன்.