இரண்டு டின்னா, மூன்று டின்னா?

பெரியபட்டினத்தில் இரவு வள்ளத்தில் தொழிலுக்குப் போன இருபது வயதுப் பையனை, விடிவதற்கு முன்பே நெஞ்சுப் படபடப்போடு கரைக்குத் தூக்கி வந்தார்கள். ஈ.சி.ஜி.யில் இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது. கண் சொருகாமலிருக்க அவன் குடித்தது எனர்ஜி டிரிங்க். துடிப்பு மறுநாள் சீரானது. ஆனால் இனி ராத்தொழில் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் வருமானம் நின்றது. நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டுமென்று அவன் அத்தா என்னிடம் வந்தார்.

வழக்கு டின் கணக்கில் சிக்கிக்கொண்டது. பையன் சொன்னது இரண்டு. கூட்டாளி சொல்லக் கேட்டு ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தது மூன்று. இவ்வகைப் பானத்தில் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் கூடாது, நாளொன்றுக்கு 500 மில்லிக்கு மேல் குடிக்க வேண்டாமென்று டின்னில் எச்சரிக்க வேண்டும் என்பது விதி. எதிர்த்தரப்பான பான நிறுவனத்துக்கு இது போதுமாக இருந்தது. இரண்டு டின் என்றால் அந்த 500 மில்லிக்குள்தான், அதிலுள்ள 150 மில்லிகிராம் காஃபினால் கெடுதல் வந்திருக்காது; மூன்று என்றால் எச்சரிக்கையை மீறியது பையன். எந்தக் கணக்கை ஒப்புக்கொண்டாலும் எங்களுக்குத் தோல்வி.

அமெரிக்க இதயச் சங்கத்தின் இதழில் 2019-இல் வந்த ஆய்வைத் தாக்கல் செய்தேன். 18 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமான 34 பேருக்கு இவ்வகைப் பானத்தை ஏறக்குறைய ஒரு லிட்டர் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு துடிப்புக்குப் பின் இதயம் மின்னளவில் அடங்கி அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரம், நான்கு மணி நேரம் கழித்தும் நீண்டிருந்தது. அந்த நேரம் மிகவும் நீண்டால் துடிப்பு தடம்புரளும். காஃபினை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது என்றும் ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் குடித்த அளவு அதிகம், அவர்களில் எவரும் மயங்கி விழவில்லை என்றார் எதிர்வக்கீல். நியாயமான மறுப்புதான். அப்படியானால் பையன் குடித்த சரக்கையே ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். சட்டமும் மாதிரி கேட்கிறது. காலி டின்களைக் கடலில் எறிந்திருந்தார்கள். கடையில் மீதமிருந்தது வேறு பேட்ச். பில்லும் இல்லை.

என்னை இன்றும் உறுத்துவது எச்சரிக்கைதான். உணவுப் பொட்டலத்தில் எழுத வேண்டியதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதினால் போதும் என்கிறது விதி. தமிழில் எழுதத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. “தமிழ்ல ஒரு வரி போட்டிருந்தா நான் விட்டிருப்பேனா வக்கீல் சார்?” என்று கேட்டார் அத்தா. போதிய எச்சரிக்கை இல்லாததும் பொருளின் குறையே என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி வாதாடினேன். காஃபின் ஒத்துக்கொள்ளாதவர் குடிக்க வேண்டாம் என்று அந்தப் பொடி எழுத்து சொல்கிறது. ஒத்துக்கொள்ளாது என்பது நெஞ்சு தடுமாறிய பிறகல்லவா ஒருவனுக்குத் தெரிகிறது? விதி கேட்டதை நிறுவனம் செய்துவிட்டது என்று ஆணையம் மனுவைத் தள்ளியது.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் நஷ்டஈடு உண்டு. உயிர் போனால் 5 லட்சத்துக்குக் குறையக் கூடாது. கொடுங்காயமென்றால் 3 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அந்தச் சரக்கால்தான் கெடுதல் வந்தது என்று நிரூபிக்காமல் அந்தப் படியிலும் ஏற வழியில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி நேர்ந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எத்தனை டின், எத்தனை மணிக்கு என்று சரியாகச் சொல்லி, சீட்டில் அப்படியே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காலி டின்னை எறியாதீர்கள்.