கயிறு பிடிப்பவர்



குளிர்காலம் முடியுமுன் ஏரியொன்றில் சுழியோடப் போகிறேன் என்று நான் சொன்னபோது உங்களிற் பலர் சிரித்தீர்கள். "சுவாமி, இந்தக் குளிருக்கு வீட்டில் சுடுதண்ணியில் குளிக்கவே எங்களுக்குப் பயம்" என்றார் ஓர் அம்மா. போய்வந்த பின் விவரமாக எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அதற்காகவே இப்பதிவு. சற்று நீண்டுவிட்டது, பொறுமையோடு வாசியுங்கள்.

வெஸ்ட் ஈலிங்கிலிருந்து மேற்கே, ஹீத்ரோவையும் தாண்டிச் சென்றால் ரேய்ஸ்பரி. சரளைக்கல் அகழ்ந்த பள்ளங்களில் நீர் தேங்கி ஏரிகளான இடம் அது. அவற்றுள் ஒன்றில் சுழியோடப் பழக்குகிறார்கள். தலைக்கு மேலே விமானங்கள். கீழே பாசிநிற நீர். மார்ச் மாதத்தில் அந்த நீர் 7 பாகை செல்சியஸ். நான் பிறந்து வளர்ந்த மன்னார்க் கடல் ஏறக்குறைய 28 பாகை. நீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலான விரைவில் உடற்சூட்டைக் கவர்ந்துகொள்ளும். ஆகவே நீச்சற்குளத்தில் கற்ற பாடம் மட்டும் இங்கே போதாது. 'ட்ரைசூட்' எனப்படும் உலருடை வேண்டும்.

அந்த உடை கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகப் பற்றிக்கொண்டு, நீரை உள்ளே விடாது. உடை தடிப்பாக இருப்பதால் குளிராது என்று எண்ணியிருந்தேன், உண்மை வேறு. அந்த உடைக்குச் சொந்தமாகச் சூடு அதிகமில்லை. உள்ளே அணியும் பஞ்சுபோன்ற உடுப்பும், அதனிடையே தங்கும் காற்றுமே நம் சூட்டை நமக்குக் காத்துத் தருகின்றன. கழுத்துப் பட்டி இறப்பரால் ஆனது. முகப்பூச்சு மாவைத் தடவித் தலையை அதனுள் நுழைக்கும்போது, பிறக்கும் குழந்தை படும் பாடு நினைவுக்கு வந்தது.

நான் அணிந்த உடையின் சிப், முதுகுப்புறம் ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை ஓடுகிறது. உங்கள் கை எவ்வளவு நீளமானாலும் அதை நீங்களாக மூட முடியாது. என் சிப்பை மூடியவர் நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளம் தாதி. இங்கே பிறந்து வளர்ந்த அவர், விடுமுறை நாட்களில் சுழியோடக் கற்பிக்கிறார். மூடிய பின் அதன் மேல் விரலை ஓட்டி ஒருமுறை பார்த்தார். பின்னர் மறுபடியும் பார்த்தார். "பாதர், கீழே போனதும் ஒன்றே ஒன்று. மூச்சை மட்டும் அடக்காதீங்கோ" என்றார்.

எனக்கு வியப்பாயிருந்தது. மூச்சை அடக்குவதே எங்கள் ஊரில் கல்வி. அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்ற பெயர்களைக் கேட்டாலே முத்துச் சலாபம்தான் நினைவில் எழும். சுழியோடிகள் கனத்த கல்லொன்றில் காலூன்றி, ஒரே மூச்சில் கடலடிக்கு இறங்கிச் சிப்பிகளை வாரிக் கூடையில் இடுவர். நீருக்குள் அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு நிமிடம். 1905-ஆம் ஆண்டின் பெருஞ்சலாபத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு எடுத்தவர்களுக்கு. சலாபத்தை மேற்பார்வையிட ஆளுநர் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகை இன்று இடிபாடாய்க் கடலோரம் சரிந்து கிடக்கிறது.

வள்ளத்தில் நின்று கயிறு பிடிப்பவர் சுழியோடியின் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள் எங்கள் ஊர் முதியவர்கள். தன் தங்கையின் தாலியை எண்ணுபவன் கயிற்றைக் கைவிட மாட்டான் அல்லவா!

சிலிண்டரில் நிலைமை வேறு. ஆழத்தில் நாம் உள்வாங்குவது அழுத்தப்பட்ட காற்று. 10 மீற்றர் ஆழத்தில் நெஞ்சை நிறைத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழுந்தால் நுரையீரல் கிழிந்துபோகலாம். உலருடையிலும் இதே கணக்குத்தான். இறங்க இறங்க உடை உடலைக் கவ்விப் பிடித்தது. நெஞ்சிலுள்ள விசையை அழுத்திச் சிறிது காற்றை உள்ளே விட்டதும் பிடி தளர்ந்தது. ஏறும்போது இடது தோளருகே உள்ள வாயிலால் அதை வெளியேற்ற வேண்டும். காற்று கால்பக்கம் ஓடிவிட்டால் ஆள் தலைகீழாகிப் பலூன்போல மேலே பாய்வார். அதிலிருந்து மீள உடலைச் சுருட்டிப் புரளும் பயிற்சியை முதலிலேயே செய்வித்தார்கள். ஐம்பது வயதில் குட்டிக்கரணம்!

9 மீற்றரில் சற்றுநேரம் தங்கினோம். கைவிரல்கள் விறைத்தன, உடலோ உலர்ந்து, சூடாயிருந்தது. திரும்பும் வழியில் 5 மீற்றரில் நிறுத்தி மூன்று நிமிடம் காத்திருக்கச் செய்தார் அந்தத் தாதி. ஒன்றும் செய்யாமல் நீரில் தொங்கிக்கொண்டிருந்த அந்த மூன்று நிமிடங்களில் நான் நினைத்தது என் பெரியப்பாவின் மகனை.

அண்ணன் போர் முடிந்த பின் சங்கும் கடலட்டையும் எடுக்கச் சிலிண்டருடன் இறங்கினார். இருபது மீற்றருக்கும் கீழே, ஒரு நாளில் ஐந்து ஆறு சிலிண்டர்கள். ஒரு மாலை வள்ளத்தில் ஏறியவர், கரையில் இறங்க எழுந்தபோது கால்கள் எழவில்லை. ஆழத்தில் குருதியிலும் தசையிலும் கரையும் நைதரசன், விரைந்து ஏறினால் சோடாப் போத்தலைத் திறந்தாற்போல் குமிழியாகும். முள்ளந்தண்டில் அது நிகழ்ந்தால் கால்கள் போய்விடும். படிப்படியாக ஏறினால் இதைத் தவிர்க்கலாம் என்று ஆடுகளை வைத்து ஆராய்ந்து, ஹோல்டேன் என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும் பிரித்தானியக் கடற்படைக்காக அட்டவணை வெளியிட்டது 1908-இல்.

நம் வெஸ்ட் ஈலிங்கில் எலிசபெத் தொடருந்து ஏறி டொட்டன்ஹாம் கோர்ட் றோட்டில் இறங்கினால் டென்மார்க் வீதி அருகிலேயே. ஜெர்மனியிலிருந்து வந்து அவ்வீதியில் பட்டறை வைத்திருந்த ஒகஸ்டஸ் சீபே, தலைக்கவசத்தோடு இணைத்து நீர்புகாமல் மூடிய சுழியோடி உடையை 1837-இல் செய்தார். அறிவெல்லாம் இந்நகரத்தில் இத்தனை காலம் இருந்திருக்கிறது. எங்கள் கரைக்குச் சிலிண்டர் வந்தது, அட்டவணை வரவில்லை. இதை நினைக்க எனக்குக் கோபமே வருகிறது.

அன்றிரவு அண்ணனுக்குத் தொலைபேசினேன்.

"எத்தினை பாகம்?"

"ஐஞ்சு."

சிரித்தார். "மேல வர எவ்வளவு நேரம் எடுத்தனீர்?"

மூன்று நிமிடம் நின்றதைச் சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை. "ஆர் உமக்கு அதைச் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். "எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, தம்பி."

இப்போது அந்தத் தாதியும் நானும், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம், எப்படி ஏறுவது, எந்த அறிகுறி கண்டால் உடனே மருத்துவமனை செல்வது என்பவற்றை ஒரே தாளில் தமிழில் எழுதி வருகிறோம். அவர் மருத்துவமனையில் அறிந்த சுழியோட்ட மருத்துவர் ஒருவர் கணக்குகளைச் சரிபார்க்கிறார். சொற்களைத் திருத்துபவர் அண்ணன். 'அழுத்தத் தணிவு' என்று நான் எழுதியதை வெட்டிவிட்டார். வள்ளத்தில் ஒருவருக்கும் விளங்காதாம். மீற்றரையெல்லாம் பாகமாக மாற்றச் சொல்லியிருக்கிறார். ஏறும் வழியில் இடையே நின்று காத்திருப்பதற்கு மட்டும் எங்களுக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. மன்னார், கற்பிட்டி, தூத்துக்குடிப் பக்கத்து உறவுகள் உங்களுள் பலர். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அதற்கொரு சொல் இருந்தால் இங்கே எழுதுங்கள்.