தலைப்பிள்ளை பிறந்த ஊர்

பழைய பிறப்புப் பதிவேட்டில் பெயருக்கு விட்ட கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். தகப்பன் பெயர் இருக்கும். ஊர், தேதி, ஆணா பெண்ணா எல்லாம் இருக்கும். யார் பிறந்ததற்காக அந்த வரியை எழுதினார்களோ அவர் பெயர் மட்டும் இருக்காது. தலையாரி வந்து சொல்ல, கிராம முன்சீப் எழுதிக்கொள்ளும் நேரத்தில் பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். வைத்த பிறகு அதைச் சொல்வதற்கென்று முன்சீப் வீடு வரைக்கும் யாரும் நடக்கவும் மாட்டார்கள். இப்போதைய விதிப்படி பெயரைச் சேர்க்க 15 வருஷம் வரை அவகாசம் உண்டாம். நம் தாத்தாக்கள் அதையெல்லாம் எதிர்பார்க்கவில்லை. 'ஆண்' என்று எழுதப்பட்டார்கள், பிழைத்தார்கள், போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தக் காலிக் கட்டத்தின்மேல் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் பெரியப்பா மகன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சிலர் பென்ஷனை எண்ணுவார்கள், சிலர் கோயில் கோயிலாகப் போவார்கள். அண்ணன் கம்ப்யூட்டரில் வம்சாவளி எழுத உட்கார்ந்தார். பெங்களூரில் இருந்துகொண்டு போன் செய்வார். "தம்பி, ஆதாரம் இல்லாம ஒரு ஆளைக்கூட ஏத்த மாட்டேன்." சரி. இன்னாருக்கு இன்னார் பிள்ளை என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம் வேண்டும். சொந்தக்காரர்கள் சொல்வது செல்லாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்லும் உறவுமுறையை நம்பி யாரும் வம்சாவளி எழுதிவிட முடியாதுதான்.

எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் இதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. தலைமகனுக்குத் தாத்தா பெயர். முத்தையா மகன் கருப்பையா, அவர் மகன் முத்தையா, அவர் மகன் மறுபடியும் கருப்பையா. கருப்பையாவுக்கு மூன்று தம்பிகள் இருந்தால் அவர்களுடைய தலைமகன்களும் முத்தையாக்கள்தான். ஒரே ஊரில், ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே வயதில் நான்கு முத்தையாக்கள். ஊர்க்காரர்கள் நெட்டை, கருவாயன், பட்டாளத்தான் என்று பட்டப்பெயர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். முன்சீப் பட்டப்பெயரை எழுத மாட்டார். அவர் சர்க்கார் ஆள்.

பதிவேட்டைப் பார்க்கப் போவதே ஒரு காரியம். 1899-ஆம் வருஷத்து மதராஸ் சட்டத்தின் காலத்திலிருந்து கிராமத்தில் பிறப்பு இறப்பை எழுதியது முன்சீப். 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு முன்சீப், கர்ணம் பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. பரம்பரையாக வந்த அதிகாரம் போனதில் எனக்கு வருத்தமில்லை. எந்த வீட்டில் எந்த முத்தையா என்று தெரிந்த ஆளும் சேர்ந்து போனார் என்பதுதான் குறை. இன்றைக்குப் பல ஊர்களின் பழைய பதிவுகளுக்கு நகல் கேட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே முன்னால் நிற்பவர் வில்லங்கச் சான்று கேட்பார், பின்னால் நிற்பவர் பாகப்பிரிவினைப் பத்திரத்தோடு நிற்பார். நடுவில் நின்று, தாத்தா பிறந்தது உண்மையா என்று கேட்கிறவனை எழுத்தர் ஒருமாதிரித்தான் பார்ப்பார். "சொத்துத் தகராறா?" என்பார். இல்லை என்றால் நம்ப மாட்டார்.

தாத்தாவின் வரி எங்கள் ஊர்ப் பதிவேட்டில் இல்லை. அவருடைய தம்பிகள் இருந்தார்கள், தங்கை இருந்தார். தலைப்பிள்ளையைக் காணோம். அண்ணன் போனில் கலங்கிப் போனார். தத்து எடுத்திருப்பார்களோ என்பது வரைக்கும் யோசித்துவிட்டார். பக்கத்தில் இருந்த அத்தை சிரித்தார். "தலைப்பிரசவத்தை மாமியார் வீட்டுல யாருடா பாப்பாங்க?"

அதன் பிறகு எனக்கு அண்ணனின் வம்சாவளி மறந்துபோய்விட்டது. வேறு ஒன்று பிடித்துக்கொண்டது: யார் யார் அம்மா ஊரில் பிறந்தவர்கள் என்பது. கணிதமேதை ராமானுஜனைக் கும்பகோணத்துக்காரர் என்கிறோம். அவர் பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22. அம்மா கோமளத்தம்மாளின் தகப்பனாருக்கு அங்கே கோர்ட்டு உத்தியோகம். அடுத்த வருஷம் சர் சி.வி.ராமன் பிறந்தது திருவானைக்காவலில், தாய்வழிப் பாட்டனார் சப்தரிஷி சாஸ்திரி வீட்டில். பெரிய மனிதர் என்றால் எந்த ஊரில் பிறந்தார் என்று இரண்டு ஊர்க்காரர்கள் சண்டை போடுவது இதனால்தான். ஒன்று அப்பா ஊர், மற்றது அம்மா ஊர்.

எல்லாரையும்விட எனக்கு ருசித்தவர் உ.வே.சாமிநாதையர். அவர் பெயரின் முதல் எழுத்தே உத்தமதானபுரம். ஊரைத் தலையில் சுமந்துகொண்டு 87 வருஷம் வாழ்ந்தவர். 1855 பிப்ரவரி 19-ஆம் தேதி, ஆனந்த வருஷம் மாசி மாதத்தில், அவர் பிறந்தது உத்தமதானபுரத்தில் இல்லை. சூரியமூலையில், அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில். பெயரிலும் இதே கதைதான். வீட்டார் முறைப்படி வைத்த பெயர் வேறு. சாமிநாதன் என்ற பெயரை நிலைக்கவைத்தவர் அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அந்தக் காலத்தில் கிராமத்தில் பிறப்புப் பதிவேடு இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். அவருடைய கொள்ளுப்பேரன் ஒருவன் ஆதாரம் தேடி உத்தமதானபுரத்தில் சாமிநாதன் என்று புரட்டினால் என்ன கிடைக்கும்? ஊரும் தப்பு, பெயரும் தப்பு. தமிழுக்கே ஏடு தேடிக் கொடுத்தவரை ஏட்டில் தேடிப் பிடிக்க முடியாது.

அவரே எழுதிவைத்ததால் நமக்கு வழி தெரிகிறது. 1940-இல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடங்கியபோது அவருக்கு 85-ஆம் வயது நடந்துகொண்டிருந்தது. தொடர் முடியவில்லை, 1942-இல் அவர் முடிந்தார். அந்த வயதிலும் எந்த வீடு, எந்த வருஷம், யார் என்ன சொன்னார் என்று எழுத ஆள் கிடைப்பது எந்தக் குடும்பத்துக்கு வாய்க்கும்? சீவகசிந்தாமணிக்கு ஓர் ஏட்டை நம்பாமல் பல ஏடுகளை ஒத்துப் பார்த்தவர் அவர். வம்சாவளிக்காரர்களும் அப்படித்தான் செய்யவேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். பிறப்புப் பதிவு ஓர் ஏடு, ஜாதகம் ஓர் ஏடு, பள்ளிக்கூடச் சான்று ஓர் ஏடு, அத்தை ஓர் ஏடு.

இவற்றில் பள்ளிக்கூடச் சான்றுக்கு என் மதிப்பு கடைசி. என் சித்தப்பா தனுஷ்கோடி புயல் அடித்த மார்கழியில் பிறந்தவர், அதாவது 1964 டிசம்பர். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கை தலையைச் சுற்றிக் காதைத் தொட்டதும் வாத்தியார் 1963 ஜூன் மாதம் என்று போட்டுவிட்டார். சர்க்கார் அவரை அந்தக் கணக்கில்தான் வீட்டுக்கு அனுப்பியது. ஒன்றரை வருஷச் சம்பளம் ஒரு காதோடு போயிற்று.

ஜாதகமும் ஏமாற்றும். கொள்ளுத்தாத்தாவின் ஓலையில் தாது வருஷம் என்று இருந்தது. அண்ணன் பஞ்சாங்கத்தைப் பார்த்து 1936 என்று போட்டார். மகன் பிறந்து, வளர்ந்து, பர்மாவுக்குக் கப்பலேறிய பிறகு தகப்பன் பிறந்ததாக ஆயிற்று. கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் கத்தியது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை பெயர் திரும்பி வருவதில் உள்ள வினை இது. ஒரு சுற்று பின்னால் போனால் 1876. தாது வருஷப் பஞ்சம் பிடித்த வருஷம். சென்னை மாகாணத்தில் ஜனங்கள் லட்சக்கணக்கில் மடிந்த நேரத்தில் ஒரு பிள்ளை பிறந்து, யாரோ ஒருத்தி எதையோ ஊட்டிப் பிழைக்கவைத்து, அந்தப் பிள்ளையின் வழியில் நாங்கள் இத்தனை பேர். அந்த ஒருத்தியின் பெயர் ஓலையில் இல்லை.

தாத்தாவின் வரி அவருடைய அம்மா பிறந்த ஊர்ப் பதிவேட்டில் கிடைத்தது. பெயர் கட்டம் காலிதான். தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் தாய் பெயர் இருந்தது. நான்கு முத்தையாக்களில் எங்கள் முத்தையா யார் என்று பிரித்துக் கொடுத்தது அந்த ஒரு பெயர்தான். கொள்ளுப்பாட்டிக்கு அந்தப் பெயர் என்பது அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. அவரை எல்லாரும் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். பிறகு பார்த்தால் அவர் கட்டிக்கொண்டது சொந்த மாமனை. அண்ணனின் மரத்தில் ஒரே மூப்பன் இரண்டு கிளையில் உட்கார்ந்திருக்கிறார். நம் சாதிசனத்தில் வம்சம் மரமாக வளர்வதில்லை, பந்தலில் ஏறிய பாகற்கொடியாகப் பின்னிக்கொள்கிறது. இதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிப் புரியவைக்க அண்ணன் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் யாராவது இந்த வேலையில் இறங்கினால், தகப்பன் ஊருக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் வயதான அத்தையிடமோ அப்பத்தாவிடமோ இரண்டு கேள்வி கேளுங்கள்: தலைப்பிரசவம் எந்த ஊரில் நடந்தது, தாது என்றால் எந்தத் தாது. பதிவேடு இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். அத்தைக்கு எண்பத்தைந்து ஆகிறது.