சித்தியின் பொடிக்கடையும் என் சாம்பல் நிற எழுத்தும்

எங்க சித்தி வீடு திருமுல்லைவாயலில். அம்பத்தூர் எஸ்டேட்டில் சித்தப்பா வேலை பார்த்த கம்பெனியில் ஆள் குறைச்சப்போ, சித்தி இட்லிப் பொடி, பருப்புப் பொடி வறுத்து அரைச்சு விற்க ஆரம்பிச்சாங்க. என் தம்பியோட ஸ்கூல் ஃபீஸ் அதிலிருந்துதான் போகுது. எல்லாம் வாட்ஸ்அப் வியாபாரம். சமையலறைப் பச்சைச் சுவர் முன்னாடி பாட்டில்களை வெச்சு எடுத்த ஒரு போட்டோ, கீழே விலை. அவ்வளவுதான்.

"நீ கம்ப்யூட்டர்தானே படிக்கிறே, ஒரு வெப்சைட் போட்டுக் கொடேன்"னு கேட்டாங்க. விடுவேனா? திரை முழுக்க ஒரு படம், வெள்ளையில் மெல்லிய சாம்பல் எழுத்து, மிதந்து வரும் பட்டன்கள், எல்லாம் ஆங்கிலத்தில். விலை தெரியணும்னா ரெண்டு தடவை உள்ளே போகணும். கிளாஸ்ல எல்லாரும் "வேற லெவல் மச்சான்"னாங்க. சித்தியும் போட்டோவுக்குப் பதிலா அந்த லிங்கை ஸ்டேட்டஸில் வெச்சாங்க.

முதல் பத்து நாளில் ரெண்டே ஆர்டர். ஒண்ணு டெஸ்ட் பண்ண நான் போட்டது. இன்னொண்ணு எங்க அப்பா.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வழக்கமா வாங்குற ஒரு ஆன்ட்டி போன் பண்ணாங்க. "அது உங்க கடையா? யாரோ ஏமாத்துறாங்கன்னு மூடிட்டேன்." சித்தி என்னை ஒண்ணும் சொல்லல. பேசாம பழைய போட்டோவையே மறுபடி அனுப்ப ஆரம்பிச்சாங்க. திட்டியிருந்தா கூட பரவாயில்ல.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். 1995-ல் ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனத்தில் குரோசு, கஷிமுரா என்ற ரெண்டு ஆய்வாளர்கள், ஏடிஎம் திரையை 26 விதமா வடிவமைச்சு 252 பேரிடம் காட்டினாங்க. பார்க்க அழகா இருந்ததையே பயன்படுத்தவும் சுலபம்னு மக்கள் நினைச்சாங்க. 2006-ல் கனடாவில் லிண்ட்கார்ட் குழு செய்த ஆய்வில், ஒரு வலைப்பக்கம் பிடிச்சிருக்கா இல்லையான்னு 50 மில்லி செகண்டிலேயே மனசு முடிவு பண்ணிடுதுன்னு தெரிஞ்சது.

அப்போ அழகு முக்கியம்தான். ஆனா யார் கண்ணுக்கு? அந்த ஆன்ட்டி கண்ணுக்கு முதல் நொடியில் என் பக்கத்தில் சித்தி தெரியவே இல்ல. எழுத்தும் படிக்க முடியல. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 கான்ட்ராஸ்ட் வேணும்னு வெப் வழிகாட்டு விதி சொல்லுது. என்னோடது 2.3.

எல்லாத்தையும் கலைச்சேன். முக்தா மலர் ஃபான்ட்டில் அடர் பழுப்புத் தமிழ் எழுத்து. நம்ம எழுத்தில் சில குறிகள் மேலேயும் சில குறிகள் கீழேயும் போகும், அதனால வரிகளுக்கு நடுவில் கூடுதல் இடம் விட்டேன். 6 எம்பி படம் 200 கேபி ஆச்சு. ஒவ்வொரு பாட்டில் பக்கத்திலேயே விலை. பின்னணியில் அதே பச்சைச் சுவர், ஆனா இந்தத் தடவை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தது.

பொங்கல் சமயம் சித்தியால தனியா பேக் பண்ண முடியல, நானும் போய் உட்கார்ந்தேன். பண்டிகை நேரம்ங்கிறதும் ஒரு காரணம்தான், ஒத்துக்கிறேன். ஆனா அந்த ஆன்ட்டி போன் பண்ணாம நேரா சைட்டிலேயே ஆர்டர் போட்டிருந்தாங்க.

நீங்களும் யாருக்காவது சைட் போட்டுக் கொடுக்கிறீங்களா? கிளாஸ்ல காட்டுறதுக்கு முன்னாடி, வீட்டுப் பெரியவங்க கையில் போனைக் கொடுங்க. மத்தியான வெயிலில் வாசலில் நின்னு விலையைப் படிக்கச் சொல்லுங்க.