வீட்டைத் திறந்து காட்டுமுன்

புது வீடு கட்டுவோருக்கு வேண்டியவை பணமும் பொறுமையும். பழைய வீட்டைப் பழுது பார்ப்போருக்கு அவற்றோடு ஆளை அறியும் கண்ணும் வேண்டும். புதுச் சுவர் எழும்போதே கண்ணுக்குத் தெரிகிறது. பழைய சுவரின் நோயோ பூச்சுக்குள் மறைந்து கிடக்கிறது. அதை உடைத்துப் பார்க்கும் உரிமையை ஒருவர் கையில் ஒப்படைக்கிறோம். உடைத்தபின் அவர் சொல்வதே கணக்கு. இது சிறிய அமானிதமன்று.

காயல்பட்டினம் போன்ற நம் கடற்கரை ஊர்களில் இன்னொரு முடிச்சும் உண்டு. வீடு பெண்ணுக்குரியது, ஆண் பயணத்தில் இருப்பான். ஒப்பந்தக்காரரோ ஆணைத் தேடியே பேசுவார்.

2023 டிசம்பரில் அவ்வூரில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. அதன்பின் கொத்தனாருக்குப் பெருங்கிராக்கி. என் லாத்தாவின் வீட்டு மாடியும் ஒழுகிற்று. மரக்கட்டைகளை வரிசையாகப் பாவி, அவற்றின்மேல் செங்கல்லைக் குத்தி நிறுத்தி, சுண்ணாம்புச் சல்லியால் மூடிய பழைய தளம் அது. மச்சான் அபுதாபியில் இருந்தார்.

முதலில் வந்தவர் வாசற்படியில் நின்றபடியே அண்ணாந்து பார்த்து, "காரையை முழுக்கத் தட்டிவிட்டுச் சிமெண்டு பூசிவிடலாம்" என்று ஒரு மொத்தத் தொகையைச் சொன்னார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் கெட்டிச் சிமெண்டைப் பூசினால், உள்ளே சிக்கிய ஈரமும் உப்பும் வழி தேடிப் பூச்சையே தள்ளிக்கொண்டு வரும். அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தவர் குடும்பத்துக்கு வேண்டியவர். நீண்ட ஸலாம், நிறைய துஆ. பாதித் தொகையை முன்பணமாகக் கேட்டார். லாத்தாவின் கேள்விகளுக்கெல்லாம் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். பள்ளியில் முதல் வரிசையில் நிற்பது ஒருவருடைய மறுமைக்கு நல்லது. நம் சுவரின் தூக்குக்குண்டுக்கு அது சாட்சியாகாது.

மூன்றாமவர் ஏணி கேட்டார். மாடியில் சில குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி, அது எங்கே தேங்குகிறது என்று பார்த்தார். நாணயத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போய், பொள்ளலாய் ஒலித்த இடங்களில் கரிக்கோடு போட்டார். "எந்த மாசத்திலேம்மா ஈரம் ஏறுது?" என்று லாத்தாவையே கேட்டார். கிணற்று நீரை ஒரு வாய் வைத்துப் பார்த்துத் துப்பினார். கம்பிக் கான்கிரீட்டுக்குச் சேர்க்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கலாகாது என்பது இந்தியத் தர விதி. அவருக்கு அந்த எண் தெரியுமோ என்னவோ, நாக்குக்குத் தெரிந்திருந்தது! ஜன்னல் மேற்பலகைக்கு நல்ல தண்ணீர் வாங்க வேண்டுமென்று சொல்லி, அதன் செலவையும் தனியே குறித்தார். கடைசியில், "இந்த ரெண்டு கட்டையிலேதான் சந்தேகம். பூச்சைத் திறக்காமச் சொன்னா அது பொய்" என்றார்.

அந்தச் சொல் எங்களுக்குப் பிடித்துப்போயிற்று. எனினும் சொல்லை மட்டும் நம்பி வேலை கொடுப்பதற்கில்லை. அவர் வேலை செய்து, சில மழைக்காலங்களைக் கடந்துவிட்ட இரண்டு வீடுகளை விசாரித்தோம். ஆண்கள் போனால் திண்ணையில் தேநீர் அருந்திவிட்டு, "நல்ல மனிதர்" என்ற சான்றோடு திரும்பியிருப்போம். லாத்தா முடுக்கு வழியாகப் பின்கட்டுக்குப் போய், அடுப்படிச் சுவரைக் காட்டச் சொன்னார். சித்தாள்களுக்குச் சனிக்கிழமைக் கூலி தவறாமல் கிடைத்ததா என்றும் கேட்டறிந்தார். கூலியில் குறைப்பவர் சிமெண்டிலும் குறைப்பார் என்பது அவர் கணக்கு.

பிறகு எழுத்து. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியதே குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282). அதை ஓதிவரும் நாம்தான் "நமக்குள் எதற்குக் காகிதம்?" என்று கூசுகிறோம்! லாத்தா கூசவில்லை. எந்த வேலை எத்தனை சதுர அடி, பொருள் யார் வாங்குவது, கட்டைகள் கெட்டிருந்தால் என்ன விலை என்பவையெல்லாம் ஓர் ஏட்டில் ஏறின. முன்பணம் பத்தில் ஒரு பங்கு. பின்னர் வேலை முடிய முடியப் பணம். மீண்டும் பத்தில் ஒரு பங்கு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வைப்பது. இதைக் கேட்டு முகம் சுளித்திருந்தால் அவரையும் அனுப்பியிருப்போம். "மழை வரட்டும்மா, பார்ப்போம்" என்றார் அவர்.

பூச்சைத் திறந்த அன்று லாத்தாவை அழைத்து, கட்டைகளை உளியால் குத்திக் காட்டினார். ஒன்று மாவாய் உதிர்ந்தது. மற்றது உளியை உள்ளே விடவில்லை. அந்த ஒரு கட்டைக்கான தொகையை அவரே ஏட்டில் அடித்தார்.

2024 ஐப்பசி மழையில் மாடித் தூம்பின் வாயருகே உள்ளங்கை அகலம் நனைந்தது. சொல்லியனுப்பினோம், இரண்டாம் நாள் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். கார்த்திகை கழிந்ததும் லாத்தா மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். இருவரும் ஏட்டில் கையெழுத்திட்டார்கள்.