இருபத்தொரு வயதில் முதியவர்

வி.கே.ராமசாமியின் பெயரில் முதலில் நிற்கும் 'வி' எங்கள் விருதுநகர். தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசிக்கு, பருப்பும் வத்தலும் எண்ணெயும் விருதுநகருக்கு என்று எங்கள் வட்டாரத்தில் தொழில்கள் பிரிந்திருக்கின்றன. அந்த வியாபார ஊரில் 1926-இல் பிறந்தவர், நாடக மேடை வழியாகத் திரைக்கு வந்தார்.

1947 பொங்கலுக்கு வெளியான ஏவி.எம்.மின் 'நாம் இருவர்' அவருக்கு முதல் படம். ப.நீலகண்டனின் நாடகத்திலிருந்து உருவான அப்படத்தில் கள்ளச்சந்தை வியாபாரி சண்முகம் பிள்ளையாக வந்தார். வேடத்துக்கு வயது அறுபது, நடித்தவருக்கு இருபத்தொன்று.

கதாநாயகனாகத் தொடங்குபவருக்கு ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒன்றைப் பறித்துச் செல்கிறது. முதுமையிலேயே தொடங்கியவருக்குப் பறிகொடுக்க ஏதுமில்லை. சிவாஜி கணேசன் அவரைவிட இரண்டே வயது இளையவர். ஆயினும் 'பட்டிக்காடா பட்டணமா'வில் (1972) வி.கே.ஆர். சிவாஜிக்கு மாமனார், மனைவியின் அதட்டலுக்கும் மருமகன் மீதுள்ள பிரியத்துக்கும் நடுவே தவிக்கும் மனிதர். 'ருத்ர தாண்டவ'த்தில் (1978) சிவபெருமானாகவே வந்தார். 'வேலைக்காரன்' (1987) படத்தில் ரஜினிகாந்துக்குத் தாத்தா ஆனபோதுதான் அவருடைய சொந்த வயது அந்தப் பழைய வேடத்தை எட்டிப் பிடித்தது.

ஹாலிவுட்டின் வால்ட்டர் பிரென்னனும் வயதுக்கு மீறிய கிழவர் வேடங்களில் நிலைபெற்றவர். துணை நடிகருக்கான ஆஸ்கர் 1936-ஆம் ஆண்டுப் படங்களுக்கு முதன்முறை வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் அவர்; 1938, 1940-ஆம் ஆண்டுப் படங்களுக்கும் பெற்றார். நம் தேசியத் திரைப்பட விருதுகளில் அப்படியொரு பிரிவு 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. அப்போது வி.கே.ஆர். நடிக்க வந்து முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழில் 'துணை நடிகர்' என்ற சொல் கூட்டத்தோடு நிற்பவரையும் குறிக்கும் என்பதால், இத்தகையோரைக் 'குணச்சித்திர நடிகர்' என்று தனியே அழைத்துக் கௌரவித்தோம். கௌரவம் பெரும்பாலும் அந்தப் பெயரோடு நின்றுவிட்டது.

வெளியூர்க்காரர்கள் அவருடைய இழுத்துப் பேசும் பேச்சைக் கேட்டுச் சிரித்தபோது, எங்களுக்கு அது கமிஷன் கடைத் திண்ணையில் கேட்ட பேச்சாக இருந்தது. 'இல்லை' என்று சொல்லாமலே இல்லையென்று உணர்த்துவது, கோபத்தை ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் மட்டும் வைப்பது, விலை கேட்டவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மெல்ல வாய் திறப்பது ஆகிய எல்லாம் எங்கள் பெரியவர்களிடம் இருந்தன. அவர்களில் எவரும் தம்மைச் சிரிப்புக்குரியவராக எண்ணியதில்லை. வி.கே.ஆரும் அப்படி எண்ணி நடித்ததில்லை. தம் மரியாதை குறைந்துவிட்டதே என்று அவர் உண்மையாகவே வருந்துவார், நாங்கள் சிரிப்போம்.

அவர் 2002 டிசம்பர் 24 அன்று மறைந்தார். நாங்கள் அறிந்த அந்தக் கடைப் பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அவர்கள் பேச்சை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. அதை மறுபடி கேட்க விரும்பினால், கதாநாயகனுக்காக எடுக்கப்பட்ட ஏதோ ஒரு படத்தில் வி.கே.ஆர். வரும் காட்சிக்காகத்தான் நாங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது.